இலவச இடத்துக்கு வாரம் இருபது மணி நேர வேலை: ஆர்.வி. வண்டியோடு கிளம்பலாமா?

கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். டாலஸ் அருகே குடியிருக்கிறோம். எனக்கு 63, மனைவிக்கு 61. நான் வேலையை விட்டாயிற்று. அவளும் இந்த ஆண்டோடு விடுகிறாள். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு கரையில். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுக்கும் ஃபிப்த் வீல் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள ஆர்.வி. வண்டி) ஒன்று வாங்கிக்கொண்டு கோடை முழுவதும் மலைப்பக்கம் இருக்கலாம் என்று யோசனை.

செலவைக் கட்டுக்குள் வைக்க, இப்படிப்பட்ட வண்டிகள் வந்து தங்கும் முகாம்களில் பகுதிநேர வேலை தேடினோம். கொலராடோவில் ஒரு தனியார் முகாமிலிருந்து பதில் வந்திருக்கிறது. மே தொடங்கி அக்டோபர் வரை. மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் மூன்றும் உள்ள இடம் இலவசம். ஈடாக இருவரும் ஆளுக்கு வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அதற்கு மேல் செய்கிற மணிகளுக்கு மட்டும் பணம். "நாளொன்றுக்கு 65 டாலர் பெறுமானமுள்ள இடம்" என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஒப்புக்கொள்ளலாமா? சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தை வாங்கத் தொடங்கிவிட்டேன். அதற்கு ஏதும் பாதகம் வருமா? வண்டிக்குள் இட்லி மாவு அரைக்க முடியுமா என்பது மனைவியின் கேள்வி. அதற்கும் யாராவது பதில் சொன்னால் என் பாடு எளிதாகும்.

வழிப்போக்கன்

ஐயா, அந்த 65 டாலரை முதலில் பேனாவால் அடித்துவிடுங்கள். அது வெள்ளிக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறவருக்கான விலை. ஆறு மாதம் ஒரே இடத்தில் வண்டியை நிறுத்துகிறவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. பெரும்பாலான தனியார் முகாம்களில் மாத வாடகை என்று தனியாக ஒன்று உண்டு. அந்த விலையைக் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தயங்கினால், வாடிக்கையாளர்போல வேறொரு எண்ணிலிருந்து அழைத்துக் கேளுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

இப்போது கணக்கு. இருவருக்கும் சேர்த்து வாரம் 40 மணி. மாதத்துக்கு ஏறத்தாழ 173 மணி. நாள் விலையில் 30 நாளுக்கு 1,950 டாலர் வருகிறது. மணிக்கு 11 டாலருக்கு மேல் கிடைப்பதுபோலத் தோன்றும். அதே இடத்தின் மாத வாடகை 750 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 டாலர் 30 சென்ட் சொச்சம்தான் தேறும். இடமும் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. இலவசம் என்ற பெயரில் அவர்கள் தருவது உங்கள் சம்பளம். சம்பளம் பேசுகிறவர்போலவே பேசுங்கள்.

என்ன வேலை இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் முன்பதிவு பார்ப்பது, வருகிறவர்களை கோல்ஃப் வண்டியில் முன்னே போய் இடம் காட்டுவது, புல் வெட்டுவது, விறகும் பனிக்கட்டியும் விற்பது, குளியலறை சுத்தம், இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடுகிறவர்களிடம் பல்லைக் காட்டிக்கொண்டே அடங்கச் சொல்வது. இவற்றில் யாரும் எச்சரிக்காத வேலை சாம்பல் அள்ளுவது. காலையில் ஆட்கள் கிளம்பியதும் ஒவ்வோர் இடத்திலும் தீ மூட்டும் வளையத்தைத் துப்புரவு செய்ய வேண்டும். மேலே சாம்பல் வெளுத்துக் குளிர்ந்து கிடக்கும். மண்வாரியால் கிளறினால் அடியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு போய்விட்டதா என்று பார்த்த பிறகுதான் இரும்பு வாளியில் அள்ள வேண்டும். அவசரக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைத்து, கோல்ஃப் வண்டியின் பின்பக்கமே உருகி வழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எரிவாயு நிரப்பும் வேலை கொடுத்தால் முறையான பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள். சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அந்த அளவு வந்ததும் பக்கத்திலுள்ள சிறு திருகின் வழியே வெள்ளையாகச் சீறும். அங்கேயே நிறுத்த வேண்டும். வெறும் கையில் பட்டால் தோல் உறைந்துபோகும்.

தேன்சிட்டு

வழிப்போக்கன் அண்ணா கணக்கைச் சொல்லிவிட்டார். கணக்கில் வராததை நான் சொல்கிறேன்.

தம்பதியாக வேலைக்கு எடுத்தால், ஆண் புல் வெட்டும் வண்டியில் ஏறிக்கொள்வார், பெண் கையில் கழிவறை பிரஷ் வந்துவிடும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, தானாக அப்படி அமைந்துவிடும். நாங்கள் போன முதல் முகாமில் முதல் வாரமே இதைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் அவர், ஒரு நாள் நான்" என்று மேலாளரிடம் சொல்லி அட்டவணையில் எழுதவைத்தேன். என் கணவருக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியது. பிறகு பழகிவிட்டார்.

இன்னொன்று, இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எனக்குச் செவ்வாய், அவருக்கு வியாழன் என்று போட்டுவிட்டால் மலையும் ஏரியும் பக்கத்தில் இருந்தும் சேர்ந்து போய்ப் பார்க்க நாள் இருக்காது. வீட்டில் இருந்த காலத்தில் பேசிக்கொண்ட அளவுகூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு இதை எழுத்தில் வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

மாவு விஷயத்தை அக்காவிடம் சொல்லுங்கள்: தாராளமாக அரைக்கலாம். மேசைமேல் வைக்கும் சிறிய கிரைண்டர் போதும், கல்லைத் துண்டில் சுற்றித் தரையில் வைத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். கொலராடோவில் இரவு குளிரும், மாவு எளிதில் பொங்காது. நான் பாத்திரத்தை வெந்நீர் நிரப்பிய பாட்டில்களோடு ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவேன். மலை உயரத்தில் பருப்பு வேக நேரமாகும், குக்கர் இல்லாமல் சாம்பார் நினைக்க வேண்டாம். சட்டி கழுவும்போது மாவுத் தண்ணீரையும் எண்ணெயையும் குழாயில் விடாமல் துடைத்து எடுத்துவிடுங்கள், வண்டியின் கழுவுநீர்த் தொட்டி நாறினால் படுக்கையறை வரைக்கும் வரும்.

முகில்

படித்து, பெரிய வேலை பார்த்து, அறுபது வயதுக்கு மேல் அடுத்தவன் கழிவறையைக் கழுவப் போகிறோமா? ஊரில் யாருக்காவது தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? மணிக்கு 4 டாலருக்கு இது தேவைதானா? கணக்குப் பார்த்தால் சட்டவிரோதம் வேறு. மத்தியக் குறைந்தபட்ச ஊதியமே 7.25.

தேன்சிட்டு

முகில் அவர்களே, 4 டாலருக்குத் தேவையில்லை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கழிவறை என்பதால் தேவையில்லை என்பதில் ஒத்துப்போகவில்லை. கழுவுகிறவரை ஒரு தட்டிலும் கழுவாதவரை இன்னொரு தட்டிலும் வைக்கிற பழக்கத்தை ஊரிலிருந்து நாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். எங்கள் முகாமில் எனக்கு அடுத்துக் கழிவறை முறை பார்த்தவர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியை. வாளியோடு பாட்டுப் பாடிக்கொண்டே போவார்.

கணக்கர்

முகில் சொன்ன 7.25 டாலர் 2009-இலிருந்து மாறாத மத்திய அளவு. ஆனால் அதைக் காட்டிச் சட்டவிரோதம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் திறந்திருக்காத பருவகாலப் பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு மத்தியக் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்தும் கூடுதல் நேர ஊதியத்திலிருந்தும் விலக்கு உண்டு. கோடை முகாம்கள் பல அதற்குள் வந்துவிடும். தங்கும் வசதியின் நியாயமான மதிப்பைக் கூலியின் பகுதியாகக் கணக்கிடவும், சில நிபந்தனைகளோடு, மத்தியச் சட்டம் இடம் கொடுக்கிறது.

கதை அங்கே முடியவில்லை. மத்திய விலக்கு மாநிலச் சட்டத்தைத் தள்ளிவிடாது. கொலராடோவில் 2025-க்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 14.81 டாலராக இருந்தது. தங்குமிடத்துக்காக எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கும் மாநிலம் வரம்பு வைத்திருக்கிறது. எனவே கரிசல்மண் ஐயாவுக்கு வந்த கடிதத்தை அந்த மாநிலத்தின் தொழிலாளர் துறையில் விசாரித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

இன்னொரு நுணுக்கம். தேசியப் பூங்காவிலோ தேசிய வனத்திலோ அரசின் ஒப்பந்தத்தில் முகாம் நடத்தும் தனியார் நிறுவனங்களுக்கு அந்தப் பருவகால விலக்கு பொருந்தாது. அவர்கள் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் வனத்துறை நிலத்திலுள்ள முகாம்களில் எல்லா மணிகளுக்கும் சம்பளச் சீட்டு வருவதை அதிகம் காண்கிறோம். லாபநோக்கில் இயங்கும் தனியார் முகாம் உங்களைத் "தன்னார்வலர்" என்று அழைத்தால் உடனே விலகிவிடுங்கள். லாப நிறுவனத்துக்குத் தன்னார்வலராக உழைப்பதை மத்தியத் தொழிலாளர் சட்டம் ஏற்பதில்லை. அரசுத் துறைக்குத் தன்னார்வலராக இருப்பது வேறு.

வரி: முதலாளியின் வளாகத்துக்குள்ளேயே, முதலாளியின் வசதிக்காக, வேலையின் நிபந்தனையாக நீங்கள் அங்கே தங்க வேண்டும் என்றால், அந்த இடத்தின் மதிப்புக்கு வருமான வரி இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு. மூன்றும் பொருந்த வேண்டும். "விரும்பினால் இங்கே தங்கலாம்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் மூன்றாவது அடிபட்டுப்போகும். "தங்கியே ஆக வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி: முழு ஓய்வு வயதுக்கு முன்பே வாங்குகிறவருக்கு 2025-இல் ஆண்டு வருமான வரம்பு 23,400 டாலராக இருந்தது. அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் பிடித்துவைப்பார்கள். உழைத்து வரும் பணம் மட்டுமே கணக்கு. வீட்டு வாடகையும் வட்டியும் சேராது. பகுதிநேர முகாம் வேலையில் அந்த வரம்பைத் தொடுவது கடினம்.

ஆடிக்காற்று

கணக்கர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் மகள் மூலம் கிரீன் கார்டில் ஐம்பதுகளின் நடுவில் வந்தவர்கள். சில ஆண்டுகள் கடைகளில் வேலை பார்த்தோம். இருவருக்குமே சோஷியல் செக்யூரிட்டிக்கான 40 புள்ளிகள் நிறையவில்லை. ஊரில் முப்பது ஆண்டுகள் உழைத்தது இதில் சேராதா? முகாம் வேலை செய்தால் புள்ளி கூடுமா?

கணக்கர்

ஊரில் உழைத்தது சேராது. அமெரிக்கா பல நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

முகாம் வேலையால் புள்ளி கூடும், சம்பளச் சீட்டும் ஆண்டுச் சம்பளக் கணக்கைக் காட்டும் டபிள்யூ-2 படிவமும் வருகிற வேலையாக இருந்தால். 2025-இல் ஒரு புள்ளிக்கு 1,810 டாலர் ஈட்ட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு புள்ளிகள், அதாவது 7,240 டாலர். மணிக்கு 14.81 வீதம் வாரம் 20 மணி, 26 வாரம் வேலை பார்த்தால் ஒருவருக்கு 7,700 டாலர் வருகிறது. ஒரே கோடையில் அந்த ஆண்டின் நான்கு புள்ளிகளும் வந்துவிடும். இருவரும் தனித்தனியாகச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். தம்பதிக்கு ஒரே காசோலையைக் கணவர் பெயரில் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை ஏற்காதீர்கள், மனைவியின் உழைப்பு எந்தப் பதிவிலும் ஏறாமல் போய்விடும்.

உங்களைப் போன்றவர்களுக்கு, சம்பளம் இல்லாத "இலவச இடம்" இருப்பதிலேயே மோசமான பேரம்.

குடியுரிமை பெறாதவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: குடியிருக்கும் முகவரி மாறினால் 10 நாள்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சக்கரத்தின்மேல் வாழ்கிறவர்களுக்கு இந்த விதி இல்லை என்று யாரோ எங்கோ சொல்வதை நம்பாதீர்கள்.

வாசல்திண்ணை

ஒரு சின்னக் கேள்வி. என் அப்பா அம்மா ஆறு மாத வருகை விசாவில் வந்திருக்கிறார்கள். வீட்டில் அடைந்து கிடந்து சலித்துப்போய்விட்டார்கள். பணம் வேண்டாம், இடம் மட்டும் கொடுத்தால் போதும் என்று இப்படி ஒரு முகாமில் விடலாமா? ஆர்.வி. வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறேன்.

கணக்கர்

கூடாது, தம்பி. உழைப்புக்கு ஈடாக இடம் தருவதும் ஊதியம்தான். பி-2 விசாவில் அது அனுமதிக்கப்படாத வேலை. அடுத்த முறை விமான நிலையத்தில் அவர்கள்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். விருந்தினராகக் கட்டணம் கட்டி முகாமில் தங்கட்டும், நன்றாக இருக்கும்.

ஏரிக்கரை

தனியார் முகாம்களைப் பற்றியே பேச்சு போகிறது. அரசுப் பக்கம் இரண்டு வழிகள் உண்டு. நாங்கள் இரண்டிலும் இருந்திருக்கிறோம்.

ஒன்று, தேசியப் பூங்கா, வனத்துறை, மாநிலப் பூங்கா ஆகியவற்றில் முகாம் உதவியாளராகத் தன்னார்வப் பணி. தேசியப் பூங்காக்களில் இந்தத் தன்னார்வத் திட்டம் 1970 முதல் நடக்கிறது. பணம் கிடையாது. இடமும் இணைப்புகளும் தருவார்கள். மத்திய அரசுத் தன்னார்வலராக முறைப்படி பதிவு செய்தால், பணியில் காயம்பட்டால் அரசு ஊழியர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 250 மணி நேரம் சேர்ந்தால் ஆண்டு நுழைவு அட்டையும் உண்டு. ஆனால் 62 வயது ஆன குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் 80 டாலருக்கு ஆயுள்கால மூத்தோர் அட்டையே வாங்கிவிடலாம். மத்திய அரசு முகாம்கள் பலவற்றில் பாதிக் கட்டணத்தில் தங்க அது உதவும். கரிசல்மண் ஐயா, உங்களுக்கு 63. இன்னும் வாங்கவில்லை என்றால் முதல் வேலையாக வாங்குங்கள்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. ராணுவப் பொறியாளர் படை கட்டிய ஏரிகளைச் சுற்றி நிறைய முகாம்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே லூயிஸ்வில், கொஞ்சம் வடக்கே டெக்சோமா. அங்கே நுழைவாயிலைப் பார்த்துக்கொள்ளத் தம்பதிகளை ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். சம்பளம் நிர்ணயிக்கப்பட்டதல்ல. பருவம் முழுவதற்கும் இவ்வளவு என்று நீங்கள் விலை எழுதிக் கொடுக்க வேண்டும், டெண்டர் போல. முன்னதாக மத்திய அரசின் ஒப்பந்தக்காரர் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும், பின்னணி விசாரணையும் நடக்கும். நுழைவாயில் கூண்டில் உட்கார்ந்து பணம் வாங்குவது, பதிவேடு எழுதுவது, இரவில் கதவைப் பூட்டுவது. துடைப்பம் கைக்கு வராது. ஆனால் நீங்கள் ஊழியரல்ல, சுயதொழில்காரர். சுயதொழில் வரி 15.3 சதவீதத்தையும் உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். அதையும் சேர்த்து விலை எழுதாதவர்கள் ஏப்ரலில் முழிப்பார்கள்.

நீண்ட வார இறுதிகளில் நுழைவாயில் கூண்டு சந்தைக்கடை ஆகிவிடும். விறகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களோடு ஒவ்வொரு தடவையும் வாதம். பூச்சி பரவும் என்பதால் பல இடங்களில் வெளியூர் விறகுக்குத் தடை. மிச்சிகனில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, விறகுக்கட்டைகளோடும் ஊர் ஊராகப் பயணம் செய்து, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அதைச் சொன்னால், "என் விறகில் வண்டு இல்லை" என்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் கோபம் வரும்.

மீட்டர்பெட்டி

மின்சாரத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. கடிதத்தில் "மின்சாரம் உண்டு" என்று இருந்தால் போதாது, 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்று கேட்க வேண்டும். 30 என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 50 என்பது இரண்டு கம்பிகளில் வருவது, 12,000 வாட். பெயரில் 20 வித்தியாசம், உண்மையில் மூன்று மடங்குக்கு மேல்.

30-இல் குளிர்சாதனம் ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் தாக்குப்பிடிப்பதே அதிகம். கூடவே இண்டக்‌ஷன் அடுப்பையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அம்மாவின் கிரைண்டர் 150 வாட் அளவில்தான் இழுக்கும், அதனால் ஒரு கேடும் இல்லை. கம்பத்தில் வண்டியைச் செருகுவதற்கு முன் மின்னழுத்தக் காப்புப் பெட்டி ஒன்றை மாட்டுங்கள். பழைய முகாம்களில் கம்பங்களின் பிளக் தொளதொளத்து, கருகி இருக்கும். வெயில் நேரத்தில் எல்லோரும் குளிர்சாதனம் போட்டால் மின்னழுத்தம் சரிந்து கம்ப்ரெசர் போய்விடும்.

கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்திருப்பது பலர் செய்யும் வேலை. குழாய் இணைத்தாயிற்றே, தானாகப் போகட்டும் என்று நினைப்பார்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது குவிந்து காய்ந்து கல்லாகிவிடும். மூடி வைத்து, தொட்டி முக்கால் நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும். பிறகு கழுவுநீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயையும் அலசிக்கொண்டு போகும்.

வண்டி பழையதாக வாங்குகிறீர்களா? டயரின் பூ புதிதுபோல் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது செய்யப்பட்ட வாரமும் ஆண்டும். 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். ஓடாமல் நின்ற வண்டியின் டயர் நின்ற இடத்திலேயே கிழடாகிவிடும்.

வழிப்போக்கன்

மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் பாதிவழியில் திரும்புவது இதனால்தான். மனைவிக்கு 61, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வர 65 ஆக வேண்டும். வேலையை விட்டதும் டெக்சஸில் தனியாகக் காப்பீடு எடுத்தால், அது பெரும்பாலும் உள்ளூர் மருத்துவர் வட்டத்துக்குள்தான் செல்லும். கொலராடோவில் அவசர சிகிச்சை தவிர வேறு எதற்கும் கை கொடுக்காது. அலுவலகக் காப்பீட்டை கோப்ரா சட்டத்தின்கீழ் பொதுவாக 18 மாதம்வரை சொந்தப் பணத்தில் தொடரலாம். விலை கண்ணைக் கட்டும், ஆனால் வட்டம் பெரிதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கத் தகும்.

65 ஆனவர்களுக்கு: அசல் மெடிகேர் நாடு முழுவதும் செல்லும். தனியார் நிறுவனங்கள் தொலைக்காட்சியில் கூவி விற்கிற மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் மாவட்ட வட்டத்துக்குள் கட்டுண்டவை. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பகுதியில் இல்லாவிட்டால் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள். ஊர் சுற்றுகிறவர் அந்த இலவசப் பல் சிகிச்சைக்கு ஆசைப்பட்டால் பின்னால் வருந்த வேண்டிவரும்.

இலையுதிர் காலத்தில் கூடுதல் பணம் வேண்டுமென்றால் மினசோட்டா, வடக்கு டகோட்டா எல்லையில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்ரூட் அறுவடை உண்டு. அக்டோபரில் சில வாரங்கள், நாளுக்கு 12 மணி நேரம், மழையிலும் சேற்றிலும் லாரிகளின் நடுவே. நல்ல பணம். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் போகட்டும். அமேசான்கூட 2008-இல் கேம்பர்ஃபோர்ஸ் என்று கிடங்கு வேலைக்கு ஆர்.வி. தம்பதிகளை எடுக்கத் தொடங்கி, பிறகு நிறுத்திவிட்டது. அங்கே போய்வந்த நண்பர் கான்கிரீட் தரையில் நடந்து நடந்து குதிகால் வீங்கியதைத்தான் இன்றும் பேசுகிறார்.

முகில்

இவ்வளவும் படித்த பிறகு கேட்கிறேன். கோடையில் மாத வாடகை 750 டாலர் என்றால், அதைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது மேல் அல்லவா? எதற்கு இந்த வேலை?

ஏரிக்கரை

பணம் இருப்பவர்களுக்கு அதுதான் மேல். நான் மறுக்கமாட்டேன். எங்களுக்கு வேலை இருந்தது பிடித்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு முதல் ஆண்டு வீட்டில் இருந்தபோது, வாரத்தில் எந்த நாள் என்பதே எனக்கு மறந்துபோகும். நுழைவாயில் கூண்டில் உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமை எது என்று மறக்க முடியாது! இன்னொன்று, பக்கத்து வண்டிக்காரர்கள். விருந்தினராகப் போனால் கையசைப்பார்கள். சேர்ந்து வேலை பார்த்தால், உடம்பு சரியில்லாத நாளில் கஞ்சியோ சூப்போ கொண்டுவந்து தருவார்கள்.

ஆனால் இங்கே வருகிற எல்லோரும் பொழுதுபோக்குக்காக வருகிறவர்கள் அல்லர். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, வண்டியே வீடாகிப்போனவர்களும் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த இடம் பறிபோனால் படுக்க இடம் இல்லை. முகாம் முதலாளிகள் சிலருக்கு அது நன்றாகத் தெரியும். திரும்பிப் போக வீடு இருப்பவர்கள் ஒப்பந்தத்தைக் கறாராகப் பேசினால், பேச முடியாதவர்களுக்கும் கொஞ்சம் நல்லது.

கரிசல்மண்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த முகாமுக்கு எழுதி மாத வாடகையைக் கேட்டேன். 800 டாலர் என்றார்கள். எல்லா மணிகளுக்கும் சம்பளம் கொடுத்து, வாடகையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அது எங்கள் வழக்கமில்லை, வேண்டுமானால் ஆளுக்கு 12 மணியாகக் குறைக்கிறோம் என்றார்கள். அந்த 24 மணிக்கும் கணக்குப் போட்டால் மணிக்கு 8 டாலருக்குள்தான் வருகிறது. வேலையில் அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. மரியாதையாக மறுத்துவிட்டோம்.

கணக்கர் சொன்னதை வைத்து அதே மாநிலத்தில் தேசிய வனத்துக்குள் ஒப்பந்தத்தில் நடக்கும் ஒரு முகாமுக்கு விண்ணப்பித்தோம். தொலைபேசியில் நேர்காணல் நடந்தது. எல்லா மணிகளுக்கும் சம்பளம், இருவர் பெயரிலும் தனித்தனிக் காசோலை, செவ்வாயும் புதனும் இருவருக்கும் விடுமுறை. கழிவறை முறை வைத்து மாறும், அதை நானே கேட்டு எழுதவைத்தேன், தேன்சிட்டு அம்மாவுக்கு நன்றி. குறை என்னவென்றால் கழிவுநீர்க் குழாய் இல்லை, 30 ஆம்பியர்தான், கைப்பேசி சிக்னலும் இல்லை. மகளுக்கு அதுதான் கவலை. கிரைண்டர் ஓடும் என்றதும் மனைவி சரி என்றுவிட்டாள்.

இனி வண்டி ஓட்டுவது. டாலஸிலிருந்து அமரிலோ வழியாகப் போய் ரட்டோன் கணவாய் ஏறி கொலராடோவுக்குள் நுழையலாம் என்று பார்க்கிறேன். இவ்வளவு பெரிய வண்டியை மலையில் இழுத்துப் பழக்கமில்லை. ஏதேனும் சொல்வீர்களா?

தேன்சிட்டு

குழாய் இல்லாவிட்டால் சக்கரம் வைத்த கழிவுநீர்ப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்தால் வண்டியை அசைக்காமல் பெட்டியில் இறக்கி, பிக்கப்பின் பின்னால் மெதுவாக இழுத்துப்போய்க் கொட்டலாம். அதையும் முறை வைத்துக்கொள்ளுங்கள்! சிக்னலுக்குச் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது, ஆனால் மேலே மரம் மறைத்தால் விட்டுவிட்டு வரும். இடம் ஒதுக்கும்போதே வானம் தெரிகிற இடமாகக் கேளுங்கள்.

மீட்டர்பெட்டி

ரட்டோன் கணவாய் 7,800 அடி சொச்சம். நெடுஞ்சாலை 25, அகலமான சாலை, பயப்பட வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம். உச்சியிலேயே இழுவை முறையைப் போட்டு, கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் கீழே போவதற்குள் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்த வேகத்தில் ஏறினீர்களோ அதைவிட மெதுவாகவே இறங்குங்கள்.

மலையைவிட உங்களைச் சோதிக்கப்போவது அமரிலோ பக்கத்துச் சமவெளிக் காற்று. வசந்தகாலத்தில் பிற்பகலில் பக்கவாட்டில் அடித்தால் வண்டி அடுத்த தடத்துக்குப் போகப் பார்க்கும். விடிவதற்கு முன் கிளம்பி மதியத்துக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். காற்று எச்சரிக்கை இருந்தால் அன்று ஓட்டவே வேண்டாம், வேலையில் சேரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். கிளம்புவதற்கு முன் ஓட்டுநர் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் பிக்கப் எவ்வளவு எடை தாங்கும் என்று பாருங்கள். விற்பனையாளர் சொல்லும் இழுவை அளவு வேறு, அது வேறு. வண்டியில் சாமான் எல்லாம் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, லாரிகள் எடைபோடும் மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.